நடுப்பந்து

காலையில் எழுந்ததும் கோமதிநாயகம் முதல் வேலையாகத் தன் முழங்கால்கள் இரண்டையும் மின்னூட்டத்திலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டார். இரண்டாவது வேலையாகத் தன்னை ஒரு துக்க வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

"யாரு போயிட்டாவ?" என்று கேட்டது, அவர் அனுப்பிய கோமதிநாயகம்.

"மூணாவது கூண்டு செல்லப்பா. காத்து உருளைக் கடை வச்சிருந்தாருல்லா."

"அழணுமா அண்ணாச்சி?"

"கண்ணு கலங்கினாப் போதும். அழுதேன்னா நெருங்கின சொந்தம்னு நெனச்சு உக்கார வச்சிருவாவ."

அது கண்ணாடி முன்னால் நின்று ஒருமுறை கண் கலங்கிப் பார்த்தது. திருப்தியானதும் கழுத்தில் நீலப் பட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனது.

அதற்குப் பதிலி என்று பெயர். நிலாவில் காற்றடைத்த கூண்டுகளாகக் கட்டிய முயல்பட்டிக் குடியேற்றத்தில் பதிலி இல்லாத வீடு கிடையாது. ஆளைப் போலவே முகம், குரல், நடை. ஆளுக்கும் பதிலிக்கும் தோற்றம் மாறக்கூடாது என்பது சட்டம். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய், நரையேற்றி, தொப்பையைக் கொஞ்சம் கூட்டிக் கொண்டுவர வேண்டும். வெளியில் தெரிகிற ஒரே வித்தியாசம் கழுத்தில் கட்டும் நீலப் பட்டை. கல்யாணம், கருமாதி, காதுகுத்து எல்லாவற்றுக்கும் பதிலிதான் போகும். அங்கே வந்திருக்கும் மற்றப் பதிலிகளிடம் நலம் விசாரிக்கும். திரும்பி வந்து இரண்டு வரியில் சுருக்கம் சொல்லும்.

இதைப் பெரிய விஞ்ஞான அதிசயம் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. "அவரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்று யாரிடமாவது சொல்லிவிட்டு, அத்தோடு அவரை மறந்துபோவது நம் ஜனங்களுக்கு எப்போதும் உள்ள பழக்கம். முன்பெல்லாம் சொல்லிவிட்ட ஆள் அதைச் சொல்ல மறந்துபோவான். பதிலி மறக்காது. விஞ்ஞானம் முன்னேறியது அந்த மட்டில்தான்.

கோமதிநாயகம் டென்னிஸ் ஆடி ஓய்வுபெற்றவர். முழங்கால் தேய்ந்த ஆட்டக்காரர்களுக்கு நிலா தோதான ஊர். உடம்பின் பாரம் ஆறில் ஒரு பங்காகிவிடும், கால்கள் நன்றியோடு இருக்கும். ஆடுவதற்குத்தான் கொஞ்சம் சிரமம். பூமியில் அடிக்கிற மாதிரி இங்கே அடித்தால் பந்து இறங்குவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். ஆகவே பந்துக்குத் தேங்காய் நார் போலச் சடை வளர்த்து, காற்று அதைப் பிடித்து நிறுத்தும்படி செய்திருந்தார்கள். பார்ப்பதற்குத் தலை வாராத பிள்ளை மாதிரி இருக்கும்.

அவர் ஆடிய காலத்திலேயே ஒற்றையர் ஆட்டத்தை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டுவிட்டன. அவற்றோடு மனிதன் ஆடி ஜெயிப்பது அரைக்கும் இயந்திரத்தோடு அம்மிக்காரன் போட்டி போடுகிற கதைதான். ஆனால் இரட்டையர் ஆட்டம் மட்டும் மனிதர்களிடமே இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பக்கம் நிற்கும் இரண்டு இயந்திரங்களுக்கு மூளை ஒன்றுதான். எந்தப் பந்து யாருக்கு என்பது பந்து கிளம்பும்போதே அவற்றுக்குத் தெரிந்துவிடும். முட்டிக்கொள்ளாது, முறைத்துக்கொள்ளாது, "ஒன்னாலதாம்லே போச்சு" என்று சொல்லாது. அதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? மனிதர்கள் என்றால் முட்டிக்கொள்வார்கள். டிக்கெட்டே அதற்குத்தான்.

கோமதிநாயகத்தின் கூட்டாளி தூத்துக்குடி லெயோ தல்மேதா. இவர் பாளையங்கோட்டை. இருவரும் இருபது வருஷம் சேர்ந்து ஆடினார்கள். ஒரே அறையில் தங்கி, ஒரே தட்டில் சாப்பிட்டு, தல்மேதாவின் குறட்டையைக் கோமதிநாயகமும், கோமதிநாயகத்தின் புலம்பலைத் தல்மேதாவும் பொறுத்துக்கொண்டார்கள். கோமதிநாயகம் இடதுகை, தல்மேதா வலதுகை. இருவரும் தத்தம் பக்கம் நின்றால் இரண்டு பேருடைய வலுவான கையும் நடுவில் வந்து சேரும். மற்ற ஜோடிகளுக்கெல்லாம் நடுவில் ஓட்டை இருக்கும், இவர்களுக்கு நடுவில்தான் கோட்டை. நடுவில் வரும் பந்தை எடுக்க அவர்களுக்கு ஒரே விதிதான்: யார் முதலில் "எனக்கு!" என்று கத்துகிறானோ அவன் எடுப்பான். இன்னொருவன் விலகுவான்.

இரட்டையர் ஆட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புள்ளி முடிந்ததும் கூட்டாளிகள் கிட்ட வந்து உள்ளங்கையைத் தட்டிக்கொள்வார்கள். ஜெயித்தாலும் தட்டு, தோற்றாலும் தட்டு. தப்பு யாருடையது என்று அதற்கு முன்னால் பேசக்கூடாது. இருபது வருஷத்தில் கோமதிநாயகத்தின் கை தல்மேதாவின் கையை எத்தனை தடவை தட்டியிருக்கும் என்பதைக் கணக்குப் போட்டால் கல்யாணமானவர்கள் வெட்கப்படுவார்கள்.

அவர்களுடைய கடைசி இறுதி ஆட்டத்தில், கடைசிப் புள்ளியில், ஒரு பந்து வந்தது. வேகமாகக்கூட இல்லை. சாவகாசமாக, நடுவில். அவன் கத்துவான் என்று இவரும், இவன் கத்துவான் என்று அவரும் நின்றார்கள். பந்து இருவருக்கும் நடுவே மரியாதையாக நடந்துபோய்ச் சுவரில் சாய்ந்தது.

அத்தோடு கோப்பை போயிற்று. அது போகட்டும். அந்தக் காட்சி சூரிய குடும்பம் முழுக்கப் பரவியது. ஜெயித்த கோப்பைகள், முதல் இடத்தில் இருந்த மூன்று வருஷம், எல்லாவற்றையும் அந்த ஒரு பந்து தின்றுவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை பெண்ணுக்கு நடத்தும் ஆலோசனை வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினார்கள். "நடுப்பந்து கோமதிநாயகமா?" என்றுதான் முயல்பட்டியிலும் அவரைக் கேட்டார்கள். அதெல்லாம்கூட அவருக்குப் பழகிவிட்டது. பழகாதது வேறொன்று. அன்று அந்தப் புள்ளி முடிந்ததும் அவர்கள் கை தட்டிக்கொள்ளவில்லை. இருவரும் ராக்கெட் நரம்பைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்கள். பதினோரு வருஷம் ஆயிற்று.

தல்மேதாவும் நிலாவுக்குத்தான் வந்திருந்தார். அவருக்கும் முழங்கால்தான். ஊருக்கு நடுவிலிருந்த பெரும்பள்ளத்தின் அக்கரையில், சாய்வு ரயிலில் ஏறினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் இறங்கிவிடக்கூடிய தூரம். இருவரும் ஒருமுறைகூடப் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்துக்கொண்டது பதிலிகள்தான். வியாழக்கிழமை தோறும் ஊர்ப் பதிலிகள் எல்லாம் மூட்டுக்கு எண்ணெய் போட மசகுக் கடைக்குப் போகும். அங்கே இரண்டும் பெஞ்சில் உட்கார்ந்து பேசும்.

"தல்மேதா அண்ணாச்சி நல்லா இருக்காவ. கேட்டதாச் சொன்னாவ" என்று திரும்பி வந்து சொல்லும்.

"நெசமாவே கேட்டானா? இல்ல அவன் பதிலி மரியாதைக்குச் சொல்லுதா?"

"தெரியாது அண்ணாச்சி. நீங்க கேட்டதா நானும் சொன்னேன்."

"நான் ஒங்கிட்ட அப்படிச் சொல்லவே இல்லையே."

"சொல்லாட்டாலும் சொல்லுததுதான் மொற."

கோமதிநாயகத்தை அரித்தது அந்த இடம்தான். உடையவர் சொல்லாத எந்தச் செய்தியையும் பதிலி வெளியே விடாது, நலம் தவிர. உடையவர் செத்தாலும் உரிமம் முடிகிறவரை பதிலி "நல்லா இருக்காவ, கேட்டதாச் சொன்னாவ" என்று சொல்லிக்கொண்டிருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தார். பூமியிலிருந்த மகளும் அப்படித்தான். அவளுடைய பதிலியும் இவருடைய பதிலியும் நெடுநேரம் பேசும், இவருக்கு வரும் சுருக்கம் "எல்லாரும் சௌக்கியம்" என்பதுதான். தல்மேதா என்று ஒரு ஆள் அக்கரையில் உண்மையிலேயே இருக்கிறானா, தன்னைப் பற்றி ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டானா? இதைத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். அறையிலிருந்த காற்றுச் சுத்திகரிப்பான் தூங்கும் நேரத்தில் கொர்ர் கொர்ர் என்று இழுக்கும். பழுதுபார்க்க வந்தவனை அவர் இரண்டு தடவை வாசலோடு அனுப்பிவிட்டார்.

அன்று பதிலி துக்க வீட்டுக்குப் போனபின் அவர் ஆடுகளத்துக்குப் போனார். அங்கே யாரும் வருவதில்லை. சுவரோடு ஆடினார். ஒவ்வொரு பந்து முடிந்ததும் ராக்கெட் இல்லாத கை தானாகப் பக்கவாட்டில் நீண்டது. காற்றைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. தொட வேறு ஆளும் அந்த ஊரில் கிடையாது. நிலாத் தூசிக்கு ஒரு குணம் உண்டு. எதில் ஒட்டினாலும் அதில் மின்சாரம் ஏற்றிவிடும். எவ்வளவு துடைத்தாலும் கூண்டுக்குள் அது இருக்கும். அதனால் ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தொட்டால் சுருக்கென்று பொறி பறக்கும். கட்டெறும்புக் கடிதான், பெரிய வலி இல்லை. ஆனாலும் தொடுவதை எல்லாரும் விட்டுவிட்டார்கள். பதிலியின் தோல் மின்சாரம் ஏறாத ரப்பர். அதைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. தலையணையைத் தொடுகிற மாதிரி இருக்கும்.

"நடுப்பந்து ஐயா அவர்களுக்கு வணக்கம்" என்று ஒரு குரல் கேட்டது.

ஊர்க் கேளிக்கை அதிகாரி இசக்கியம்மாளின் பதிலி. வெளியிடங்களில் பதிலிகள் இப்படி அச்சடித்த தமிழில்தான் பேசும்.

"சொல்லும்மா."

"வரும் ஞாயிறன்று இந்த ஆடுகளம் மூடப்படுகிறது. இங்கே கீரை பயிரிடுகிறோம். அதற்கு முன் ஒரு பிரியாவிடை ஆட்டம் நடத்த விரும்புகிறோம். தாங்களும் தல்மேதா ஐயாவும் ஒரு பக்கம். தங்கள் பதிலியை அனுப்பிவைக்க வேண்டுகிறோம்."

கோமதிநாயகம் ராக்கெட்டைக் கீழே வைத்தார். "நானே வந்தா?"

அதற்கு விளங்கவில்லை. "நானே என்றால்?"

"நேர்ல."

"நேரில் வருவதற்கு ஏதாவது கஷ்டமா ஐயா? ஊர்ச் சங்கத்தில் உதவி கிடைக்கும்."

முயல்பட்டியில் நேரில் வந்து நிற்கிறவனைப் பற்றி அப்படித்தான் நினைப்பார்கள். ஐயோ பாவம், பதிலிக்குக்கூட வழியில்லாமல் போயிற்றா என்று. கோமதிநாயகம் "சும்மா கேட்டேன்" என்று சொல்லி அதை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தன் பதிலியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"தல்மேதா நேர்ல வருவானான்னு அவன் பதிலிட்ட கேளு."

"கேக்கேன். 'அவசியம் வருவாவ'ன்னு சொல்லும்."

"வருவானா?"

"எல்லாத்துக்கும் அப்படித்தான் அண்ணாச்சி சொல்லும். நானும் இன்னிக்கு நாலு பேருட்ட அவசியம் வாரோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

வீட்டுக்கு வீடு நேராகப் பேச நேரழைப்பு என்று ஒன்று சுவரில் இருந்தது. தீப்பிடித்தால் மட்டும் தொடுவதற்கு. கோமதிநாயகம் அதன் முன்னால் போய் நின்றார். அக்கரை எண் அவருக்கு மனப்பாடம். விரலை வைத்தார். அந்தப் பந்து யாருடையது? அவன் பக்கம் ஒரு சாண் அதிகம். அப்படியானால் அவன்தானே கூப்பிட வேண்டும்? இல்லை, ஒரு சாண் நம் பக்கமோ? எப்படியிருந்தாலும் நாம் கூப்பிட்டு, அங்கே பதிலி எடுத்து, "நல்லா இருக்காவ" என்று சொன்னால்? விரலை எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோமதிநாயகம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பதிலியைக் கூப்பிட்டார்.

"கழுத்துப் பட்டையக் கழத்து."

"எதுக்கு அண்ணாச்சி?"

"நான் போறேன், ஒன்ன மாதிரி. அங்க வாறது அவன் பதிலின்னா, பதிலியும் பதிலியும் ஆடின மாதிரி இருக்கட்டும். எனக்கு ஒரு மானக்கேடும் இல்ல."

"தல்மேதா அண்ணாச்சியே வந்தா?"

கோமதிநாயகம் பட்டையை வாங்கித் தன் கழுத்தில் கட்டிக்கொண்டார்.

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"நீ நானா இரி."

"எப்படி?"

"அந்த நாக்காலில உக்காந்து செவத்தப் பாத்துக்கிட்டு இரி. அவ்வளவுதான்."

ஆடுகளம் நிரம்பியிருந்தது. அத்தனை கழுத்திலும் நீலப் பட்டை. எல்லாம் ஒரே சீராகக் கைதட்டின. ஓரத்தில் கீரை நாற்றுத் தட்டுகளை இப்போதே அடுக்கிவைத்திருந்தார்கள். எதிர்ப்பக்கம் இசக்கியம்மாளின் பதிலியும், குடிநீர்ப் பொறியாளர் ஒருவரின் பதிலியும். பதிலி உடையவரின் திறமைக்கு ஏற்ப ஆட வேண்டும் என்பது விதி. உடையவர்கள் எல்லாரும் அதைக் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பார்கள்.

இந்தப் பக்கத்தில் லெயோ தல்மேதா நின்றார். வழுக்கை விழுந்திருந்தது. காது மட்டும் பழைய காது. கழுத்தில் நீலப் பட்டை.

வரவில்லை. அவன் வரவில்லை.

"வணக்கம், கோமதிநாயகம் ஐயாவின் பதிலி அவர்களே" என்றது அது.

"வணக்கம், தல்மேதா ஐயாவின் பதிலி அவர்களே" என்றார் இவர்.

முதல் புள்ளி. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த சர்வைக் கோமதிநாயகம் வலையில் அடித்தார். கை அதன் போக்கில் பக்கவாட்டில் நீண்டது. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு கை நீண்டு வந்தது. இரண்டும் தட்டின.

சுருக்!

நீலமாக ஒரு பொறி. உள்ளங்கை எரிந்தது. கோமதிநாயகம் நிமிர்ந்து பார்த்தார். தல்மேதா தன் ராக்கெட் நரம்புகளை ஒவ்வொன்றாக மும்முரமாகச் சரிசெய்துகொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. ரப்பருக்குக் காது சிவக்காது.

கோமதிநாயகமும் குனிந்து தன் ராக்கெட் நரம்புகளைப் பார்க்கத் தொடங்கினார். அவனுக்கும் பொறி தெரிந்திருக்கும். தெரியாமல் எப்படி? அவன் முதலில் சொல்லட்டும் என்று நின்றார். தல்மேதாவும் எதற்காகவோ நின்றார். நடுவர் இயந்திரம் மணியடித்தது.

அடுத்த புள்ளி. சுருக். அதற்கடுத்தது. சுருக். வாயைப் பந்தால் மறைத்துக்கொண்டு கூட்டாளிகள் யோசனை செய்வது இரட்டையர் வழக்கம். இவர்களும் சடைப்பந்தை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நெருங்கினார்கள்.

"அடுத்த பந்தை அந்த அம்மையாரின் பின்புறமாகப் போடலாம் என்று கருதுகிறேன்" என்றார் தல்மேதா, அச்சுத் தமிழில்.

"நல்ல யோசனை. தங்கள் சித்தம்" என்றார் கோமதிநாயகம்.

தல்மேதாவின் வாயில் இன்னும் அதே கிராம்பு வாசனை.

ஒரே ஒரு சுற்று ஆட்டம் என்று பேச்சு. அது முடியவே இல்லை. முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு புள்ளி முந்தினால் அடுத்ததைத் தல்மேதா வானத்துக்கு அடித்தார். பிந்தினால் கோமதிநாயகத்தின் இடதுகைக்குப் பழைய உயிர் வந்தது. எதிரில் நின்ற பதிலிகள் இரண்டும் மரியாதை பழகியவை. எதிராளியை அவசரமாகத் தோற்கடிப்பது அவற்றின் இயல்பில் இல்லை. இரு பக்கமும் சமம் என்கிற டியூஸ், மறுபடி டியூஸ், மறுபடி டியூஸ். ஒவ்வொன்றின் முடிவிலும் சுருக், சுருக். உள்ளங்கைகள் சிவந்து வீங்கின. பார்வையாளர் பதிலிகளுக்குச் சுருக்கம் அனுப்ப ஒன்றும் இல்லாமல் போயிற்று.

கடைசியில் கீரைக்காரர்களின் மண் வண்டி வாசலில் வந்து நின்றது. வீட்டிலிருந்த இசக்கியம்மாள் தன் பதிலிக்கு ஒரு வரி அனுப்பினாள்: முடிச்சு விடு, மண்ணு காயுது.

அது தயங்காமல் ஓங்கி அடித்தது. நேராக, நடுவில்.

பந்து சடையை விரித்துக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாகக் கனவில் வந்த அதே பந்து. கோமதிநாயகம் இந்தத் தடவை காத்திருக்கவில்லை.

"எனக்கு!" என்று கத்தினார்.

"எனக்கு!" என்று தல்மேதாவும் அதே நொடியில் கத்தினார்.

நிலாவில் இரண்டு பேர் மோதிக்கொள்வது பார்க்க வேண்டிய காட்சி. ராக்கெட்டும் ராக்கெட்டும் இடித்தன. மண்டையும் மண்டையும் இடித்தன. இருவரும் கூரையைப் பார்க்க மேலே எழும்பி, ஒருவரை ஒருவர் சுற்றி, சாவகாசமாகக் கீழே இறங்கிக் கட்டிப்பிடித்த வாக்கில் விழுந்தார்கள். விழுந்த இடமெல்லாம் பொறி பறந்தது. பந்து அவர்களுக்கு மேலாகப் போய்க் கீரை நாற்றில் படுத்தது. ஆட்டம் முடிந்தது. பதிலிகள் ஒரே சீராகக் கைதட்டிவிட்டு வரிசையாக வெளியேறின.

இரண்டு கிழவர்களும் தரையில் கிடந்தார்கள். முகத்துக்கு முகம் ஒரு முழம்கூட இல்லை. இப்போது சொல்லிவிடுவான் என்று கோமதிநாயகம் பார்த்தார். தல்மேதாவும் பார்த்தார்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் தல்மேதா. "தங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையே, பதிலி அவர்களே?"

கோமதிநாயகம் கண்ணை மூடித் திறந்தார். "இல்லை. தங்கள் எஜமானரை... எங்கள் எஜமானர் கேட்டதாகச் சொல்லுங்கள்."

"சொல்கிறேன். மரியாதைக்காகச் சொல்கிறீர்களா, உண்மையிலேயே கேட்டாரா?"

"உண்மையிலேயே. தினமும் கேட்பார்."

தல்மேதா கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கள் எஜமானரும் அப்படித்தான்."

"அந்தக் கடைசிப் பந்து யாருடையது என்று தங்கள் எஜமானர் எப்போதாவது சொன்னதுண்டா?"

"தன்னுடையது என்றுதான் சொல்லுவார். ஆனால் அதை உங்கள் எஜமானரிடம் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியது. கண்ணாடி முன் பழகிக்கொண்டதல்ல. "எங்கள் எஜமானரும் அது தன்னுடையது என்றுதான் சொல்கிறார். அதையும் சொல்லக் கூடாது."

"நான் சொல்லமாட்டேன்."

"நானும் சொல்லமாட்டேன்."

மண் வண்டிக்காரப் பதிலி வந்து, "தயவுசெய்து எழுந்திருங்கள், இந்த இடத்தில் முளைக்கீரை வருகிறது" என்றது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். சுருக், சுருக். வாசலில் பிரியும்போது தல்மேதா திரும்பி நின்றார்.

"வியாழக்கிழமை மசகுக் கடைக்கு வருவீர்கள் அல்லவா?"

"அவசியம் வருவேன்" என்றார் கோமதிநாயகம். உடனே பயந்துபோய், "உண்மையாகவே வருவேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

அதன்பின் வியாழக்கிழமை தோறும் மசகுக் கடைப் பெஞ்சில் இரண்டு கிழவர்கள் கழுத்தில் நீலப் பட்டையோடு உட்கார்ந்திருப்பதை அந்த ஊருக்குப் போனவர்கள் பார்த்திருக்கலாம். முன்னால் ஆளுக்கொரு கிண்ணம் மூட்டெண்ணெய் இருக்கும். யாரும் பார்க்காதபோது அதைப் பக்கத்துத் தொட்டியில் ஊற்றிவிடுவார்கள். பேச்செல்லாம் எஜமானர்களைப் பற்றித்தான்.

"எங்கள் எஜமானர் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் கொர்ர் என்று சத்தம் போடுகிறது. பழுதுபார்க்க விடமாட்டேன் என்கிறார்."

தல்மேதா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனாம்?"

"எஜமானர்களின் போக்கு நமக்கெங்கே விளங்குகிறது?"

"ஆமாம். எங்களுடையவர் தூக்கத்தில் விழித்துக்கொண்டு, பக்கத்தில் புலம்பல் கேட்கவில்லையே என்கிறார்."

எழுந்திருக்கும்போது இருவரும் கையைத் தட்டிக்கொள்வார்கள். பதிலிகள் அப்படிச் செய்யும் வழக்கமில்லை. பார்த்தவர்கள் ஏதோ பழுது என்று நினைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் பள்ளத்தின் இக்கரையிலும் அக்கரையிலும், பட்டை கழற்றிய இரண்டு பதிலிகள் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாலைந்து வியாழன் பார்த்தபின் இக்கரைப் பதிலி யார் கட்டளையும் இல்லாமல் எழுந்துபோய் நேரழைப்பைத் தொட்டது. அந்த இரண்டு வீட்டுக்கும் இடையே பதினோரு வருஷத்தில் போன முதல் அழைப்பு அது. முதல் மணியிலேயே அக்கரைப் பதிலி எடுத்தது.

"என்ன வே, ஒங்க அண்ணாச்சி பொறப்பட்டாச்சா?" என்றது இக்கரைப் பதிலி.

"அப்பவே போயாச்சு. இங்க நான்தான் அவியளா உக்காந்திருக்கேன். நீரு?"

"அதே சோலிதான். செவத்துல ஒரு விரிசல் இருக்கு, அதப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

"எனக்கு அதுகூட இல்ல வே."

"எதிர்ல உக்காந்திருக்கது பதிலி இல்லன்னு அவிய ரெண்டு பேருக்கும் தெரியும், அது நமக்கும் தெரியும். போட்டு ஒடச்சிரலாமா? இன்னிக்கே நேர்ல பேசிக்கிடட்டும். நாமளும் நம்ம கடைக்குப் போவலாம்."

"ஒடைக்கலாம்" என்றது அக்கரைப் பதிலி. "ஒங்க அண்ணாச்சிட்ட நீரு மொதல்ல சொல்லும்."

"நான் எதுக்கு மொதல்ல? ஒங்காளுட்ட நீரு சொல்லும். பந்து ஒங்க பக்கம் ஒரு சாண் அதிகம்."

"அதெப்படி வே?"

அதற்குப்பின் யாரும் பேசவில்லை. இணைப்பையும் துண்டிக்கவில்லை. அவன் சொல்லட்டும் என்று இதுவும், இவன் சொல்லட்டும் என்று அதுவும் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றன. இரண்டு இயந்திரங்கள் நடுவில் ஒரு பந்தை விட்டது அதுதான் முதல் தடவை.